நாரைக்குப் பின்னால் நடந்த நாற்காலி

"உலகத்தில் எத்தனையோ மதங்கள் பிறந்திருக்கின்றன. ஆனால் ஒரு மதம் பிறக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்த ஆராய்ச்சியாளர் என்று இதுவரை ஒருவர்கூடக் கிடையாது. அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கப் போகிறேன்."

இதைச் சொன்னபோது வீரராகவனின் இடது கால் பழவேற்காடு ஏரியின் சேற்றுக்குள் முழங்கால்வரை போயிருந்தது.

"அது சரி சார்," என்றான் பெலிக்ஸ். அவரைப் படகிலிருந்து கரைக்கு இறக்கிவிட்டவன் அவன்தான். "மொதல்ல கால ஆட்டாம நில்லுங்க."

"நான் சொன்னதன் கனம் உங்களுக்குப் புரிகிறதா?"

"புரியுது சார். பிரசவம் பாக்க வந்துகீறீங்க. ஆட்டாதீங்கன்றேன், இன்னும் உள்ள போவுது பாருங்க."

பெலிக்ஸ் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கால் வந்தது. ஷூ வரவில்லை. அவன் குழிக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு நண்டை எடுத்தான், அதன் முகத்தைப் பார்த்தான், திரும்ப உள்ளேயே விட்டான்.

"ஷூவ மறந்துடுங்க சார். ஏரி வாங்கிக்கிச்சு."

ஒற்றை ஷூவோடு நடப்பது ஆராய்ச்சிக்கு அழகில்லை என்பதால் வீரராகவன் மற்றதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வெறுங்காலோடு ஊருக்குள் நுழைந்தார். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இந்தப் பக்கம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற சின்னக் குப்பம் அது.

வீரராகவன் சென்னையில் ஒரு கல்லூரியில் புதிய மத இயக்கங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். முனைவர் பட்டம் இன்னும் வரவில்லை. மரியாதையை மட்டும் நாம் முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். கடைசி அத்தியாயம் பாக்கி. "உயிரோட இருக்கற மதம் ஒண்ணு கொண்டா. செத்ததையே எவ்வளவு நாள் அறுப்ப?" என்று அவருடைய நெறியாளர் சொல்லிவிட்டார். வீரராகவனும் அலையாத இடமில்லை. ஆவடிப் பக்கம் மின்விசிறிக்குக் கீழே வட்டமாக உட்கார்ந்து தியானம் செய்கிற சபை ஒன்று இருந்தது. கோடையில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் கலைந்துவிட்டது. வந்தவாசியில் ஒரு நீல அங்கி இயக்கம். அவர் போய்ச் சேர்வதற்குள் அங்கி தைத்தவர் தனியாகப் பிரிந்துபோய்ப் பச்சை அங்கி இயக்கம் தொடங்கிவிட்டார். இரண்டு பேரும் அவரோடு பேசவில்லை.

இத்தனை இடங்களுக்குப் போயும் ஒரு விஷயத்தில் அவருக்குப் பெருமை உண்டு. எந்தச் சபையிலும் அவருடைய இரண்டு கைகளும் ஒன்றோடொன்று சேர்ந்ததே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வணக்கம்கூடத் தலையாட்டல்தான்.

"கும்பிடுவது ஒரு தொற்று," என்று ஏலக் கொட்டகை எதிரே டீக்கடை வைத்திருந்த ருக்குவிடம் விளக்கினார். "கொட்டாவி மாதிரி. பக்கத்தில் ஒருவர் விட்டால் நமக்கும் வரும். பயிற்சி பெற்ற ஆராய்ச்சியாளருக்கு வராது."

"கொட்டாவியா சார்?"

"கும்பிடு."

"சக்கர போடட்டா?" என்றாள் ருக்கு.

அவர் இந்தக் குப்பத்தைத் தேடி வந்த காரணம் டீக்கடையிலிருந்தே தெரிந்தது. ஏலக் கொட்டகை ஓரமாக வரிசையாக ஆறு சின்ன சிமெண்ட் மேடைகள். முதல் மேடையில் ஒரு துடுப்பு நட்டிருந்தது. இரண்டாவதில் ஐஸ் வைத்து மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி. அப்புறம் ஒரு நீல டிரம், ஒரு குடை, ஒரு அலுமினியக் குண்டான், கடைசியில் ஒரு இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பி. ஆறுக்கும் மஞ்சள், குங்குமம். ஆறுக்கு முன்னாலும் கற்பூரம் எரிந்த கறையும் மெழுகுவர்த்தி உருகிய கறையும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில். குடைக்காம்பில் மஞ்சள் கயிறும் ஜெபமாலையும் சேர்ந்து தொங்கின. போகிறவர்கள் வருகிறவர்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், மாதாவைக் கும்பிடுகிறவர்கள், எல்லாரும் நடக்கிற நடையிலேயே விரல் நுனியால் ஒரு மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

"பாருங்கள்," என்றார் வீரராகவன். "சொறிந்துகொள்கிற மாதிரி. மூளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை."

ருக்கு டம்ளரைக் கழுவினாள். அவர் அவளிடம் விளக்கம் கேட்கவில்லை. அவருடைய ஆராய்ச்சி முறையின் முதல் விதியே பக்தரிடம் கேட்கக்கூடாது என்பதுதான். கேட்டால் பக்தர் எதையாவது சொல்லிவிடுவார். பிறகு நாம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? அதனால் தானே உட்கார்ந்து கண்டுபிடித்தார். துடுப்பு என்பது பயணம். பெட்டி என்பது குளிர்ந்துபோகப் போகிற உடம்பு. டிரம் கருப்பை, குடை வானம், குண்டான் பசி. கட்டில் கம்பிக்கு மட்டும் இரண்டு டீ ஆனது. மரம் உளுத்திருந்த பதத்தை வைத்துத் துடுப்பு டச்சுக்காரர்கள் பழவேற்காட்டை ஆண்ட காலத்தது என்று முடிவுக்கு வந்தார்.

அப்புறம்தான் ஏரிப் பக்கம் திரும்பினார். திரும்பியவர் டீயை மறந்தார்.

பிற்பகல் வெயிலில் ஏரிக்கும் வானத்துக்கும் நடுவே இருந்த கோடு அழிந்துபோயிருந்தது. தூரத்துப் படகுகள் தண்ணீரில் நிற்காமல் வெறும் வெளிச்சத்தில் தொங்கின. வடக்கே பூநாரைக் கூட்டம் யாரோ இளஞ்சிவப்பில் கிறுக்கி அழிக்க மறந்த மாதிரி ஒரு கீற்று. லைட்ஹவுஸ் தலைகீழாக ஏரிக்குள்ளும் நின்றது. எல்லாமே அரைத் தூக்கத்தில் இருந்தன. அதற்கெல்லாம் நடுவில், கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஏரியின் மேல், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது.

யாரும் அதில் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒரு ஃபைபர் படகு தடதடவென்று வந்தது. நாற்காலியை நெருங்கியதும் இன்ஜின் நின்றது. படகு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அதில் நின்றவர் கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார். நாற்காலியைத் தாண்டிய பிறகுதான் இன்ஜினுக்கு மறுபடி உயிர் வந்தது. அடுத்த படகும் அதேபோல். அதற்கடுத்ததும்.

வீரராகவன் விரல் விட்டு எண்ணினார். ஆறு பழைய தெய்வங்கள் கரையில். ஏழாவது ஏரியில் பிறந்துகொண்டிருக்கிறது.

ஏரியில் அந்தப் பக்கமெல்லாம் முழங்கால் ஆழம்தான். பேன்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். கிட்டப் போகப் போக நாற்காலி சாதாரணமாகிக்கொண்டே வந்தது. நான்கு காலும் சேற்றில் ஊன்றியிருந்தது. முதுகில் ஒரு விரிசல். அதை வலை பின்னுகிற நைலான் நூலால் தைத்திருந்தார்கள். 'சடங்குத் தையல்' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தார்.

படம் திருப்தியாக வரவில்லை. ஒரு மதத்தின் முதல் புகைப்படத்தில் பூநாரைகள் இல்லை என்றால் நாளைக்கு உலகம் என்ன சொல்லும்? நாற்காலியைப் பிடுங்கினார். கொஞ்சம் வடக்கே கொண்டுபோய் வைத்தார். இப்போது பூநாரைகள் வந்தன, லைட்ஹவுஸ் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கிழக்கே வைத்தார். எல்லாம் வந்தது. மனம் நிறைய எடுத்துக்கொண்டு, நாற்காலியைப் பழைய இடத்திலேயே, அல்லது பழைய இடம் மாதிரித் தெரிந்த ஒரு இடத்தில், ஊன்றிவிட்டுக் கரையேறினார்.

"ருக்கு," என்றார். "உங்கள் ஊரில் ஏழாவது தெய்வம் பிறந்துவிட்டது."

"எங்க சார்?"

"அதோ. சிவப்பு நாற்காலி."

ருக்கு டீயை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அதுவா. மரியம்மா வூட்டு சேரு சார் அது."

"மரியம்மா என்றால், பெண் பூசாரியா?"

"பெலிக்ஸோட அக்கா சார். உங்கள சேத்துலேர்ந்து புடுங்குனானே, அவன் அக்கா." ருக்கு டம்ளரை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். "ஏரில மீன் புடிக்கற எடத்துக்கு வூட்டுக்கு வூடு முறை கீது சார். பாடுன்னுவோம். சீட்டு குலுக்கிப் போட்டு எடுக்கறது. நாளைக்கு மரியம்மா வூட்டு முறை. அவ புருசன் பிராங்க்ளின் படகுலேர்ந்து வழுக்கி உய்ந்து கால ஒடச்சிக்கினான். ஆம்பள எறங்க முடியலன்னா, வூட்டுப் பொருள் ஒண்ண மொத நாளே அவங்க எடத்துல நட்டு வெச்சிடணும். பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கற மாரி. பொழுது விடியசொல்ல அது அங்க இருந்துச்சுன்னா, அவங்களுக்கோசரம் வேற யாருன்னா வலை போடலாம். பெலிக்ஸ் போடுவான்."

வீரராகவன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தப் படகெல்லாம் இன்ஜினை நிறுத்துகிறதே?"

"சத்தம் கேட்டா எறா மெரண்டுடும் சார்."

"நெற்றியில் கை வைக்கிறார்களே?"

"வெயிலு."

வீரராகவன் ஏரிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ருக்கு, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். அந்த நாற்காலி இடம் மாறியிருந்தால்?"

"காத்து தள்ளினா குத்தமில்ல. தண்ணி இழுத்தா குத்தமில்ல. மனுசன் கை பட்டுச்சுன்னா முறை போச்சு. அந்த எடம் பக்கத்துப் பாட்டுக்காரனுக்கு."

"யாருடைய கை என்று விசாரிக்க மாட்டார்களா? யாரோ வெளியூர்க்காரன், விவரம் தெரியாமல்..."

"யார் கைன்னு கேக்கறதே இல்ல சார். கேக்க ஆரம்பிச்சா வூட்டுக்கு வூடு அடிதடிதான். கை பட்டா போச்சு, அவ்ளோதான் பேச்சு." ருக்கு அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னா சார், டீ ஆறிப்போச்சா?"

உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று வீரராகவனுக்குத் தோன்றியது. ஊரிடம் சொல்லக்கூடாது, மரியம்மாவிடம் தனியாகச் சொல்லலாம். விசாரித்துக்கொண்டு போனார். ஓட்டு வீடு. வாசலில் கருவாடு காய்ந்தது. உள்ளே பிராங்க்ளின் பாயில் படுத்திருந்தான். தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. அந்தக் கட்டின் மேல் பேனாவால் எலும்புகளை வரைந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தாள் ஒரு இளம்பெண்.

"வா சார்," என்றாள் அடுப்பருகே இருந்த மரியம்மா. "உக்காருன்னு சொல்ல சேரு இல்ல. வூட்டுக்கு ஒரே சேரு, அது ஏரில கீது."

வீரராகவன் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் அவருடைய எழுத்துத் தமிழ் அவரை விட்டுப் போனது. "அக்கா, நான் எதுக்கு வந்தேன்னா..."

"எம் பொண்ணு ஜெனிஃபர் சார். நர்சு படிக்குது, பொன்னேரில. நாளைக்கு எறா பட்டுச்சுன்னா ரெண்டாவது வருசம் சேந்துடுவா. இல்லன்னா மீஞ்சூர்ல ஒரு கம்பெனில வேலைக்கு சொல்லி வெச்சிகீது."

ஜெனிஃபர் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எனக்கே எல்லா எலும்பு பேரும் தெரியும் சார்," என்றான் பிராங்க்ளின். "கேளேன் ஒண்ணு."

"நைனா, ஆட்டாத," என்றாள் ஜெனிஃபர்.

"அக்கா," வீரராகவன் மறுபடி ஆரம்பித்தார். "அந்த சேரு..."

மரியம்மா அவசரமாக ஒரு தட்டை அவர் முன்னால் வைத்தாள். வறுத்த மீன், பொரிந்துகொண்டே வந்திருந்தது. "சேரப் பத்தி மட்டும் பேசாத சார். கண்ணு பட்டுடும். சாப்புடு."

அவர் சாப்பிட்டார். மீன் நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. இனிமேல் வழி ஒன்றுதான். நாற்காலியை அதே பழைய இடத்தில், ஒரு விரற்கடை பிசகாமல், திரும்ப வைத்துவிட வேண்டும். அதற்குத்தான் போனில் முதல் படம் இருக்கிறதே.

ஏரியில் இறங்கி நாற்காலியிடம் போய் நின்றுகொண்டு படத்தைப் பார்த்தார். படத்தில் நாற்காலி. பின்னால் தண்ணீர். தண்ணீருக்குப் பின்னால் இன்னும் தண்ணீர். அடையாளம் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நாற்காலியின் வலது கைப்பிடியை ஒட்டி, ஒற்றைக் காலில் நிற்கிற ஒரு நாரை.

நிமிர்ந்தார். நாரை இருந்தது. அதே நாரை. கொஞ்ச தூரத்தில், அதே ஒற்றைக் காலில்.

வீரராகவனுக்கு உயிர் வந்தது. நாற்காலியைப் பிடுங்கிக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். நாரைக்கு இடது பக்கமாகப் போய் ஊன்றி, எட்டிநின்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் நாரை மறு காலையும் இறக்கியது. நடந்தது. நாகரிகமாக, யாரோ கூப்பிட்டுப் போகிற மாதிரி, கழுத்தை முன்னால் நீட்டி நீட்டி நடந்தது. கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது.

முதலில் நாரை நின்ற இடம் தப்பா, இப்போது நிற்பது தப்பா என்று யோசித்தார். படம் எடுத்தபோது அது சாவகாசமாக நின்றது; இப்போதுதான் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். மறுபடி நாற்காலியைத் தலையில் வைத்தார்.

அப்படியே போனது. நாரை நடக்கும், அவர் பின்னால் நடப்பார். நாரை நிற்கும், அவர் ஊன்றுவார். சூரியன் ஏரிக்குள் கரைந்துகொண்டிருந்தது. தண்ணீர் முழுவதும் பழுக்கக் காய்ச்சிய செம்பு. அதன்மேல் அலையே இல்லாமல், ஒரு நாரையும், அதன் பின்னால் தலையில் நான்கு கால் முளைத்த ஒரு மனிதரும், இருவரின் தலைகீழ் நிழல்களும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் எதற்காக நடக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கால் சுகமாக இருந்தது. இந்த நாரை எங்கே போனாலும் சரி என்று தோன்றியது.

கடைசியில் நாரை பறந்துவிட்டது. அது பறந்த இடத்தில் நாற்காலியை ஊன்றினார். வேறு என்ன செய்ய முடியும்?

கரையேறியபோது ஏலக் கொட்டகை ஓரம் பத்துப் பதினைந்து பேர் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு என்னவோ அத்தனை பேரும் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையிலேயே கண்ணாக இருந்தார்கள். நல்லவேளை என்று வீரராகவன் நினைத்தார். கொட்டகையிலேயே ஒரு வலைக் குவியலின் மேல் படுத்தார். கனவில் அவர் நாற்காலியாக இருந்தார். நாரை அவர்மேல் உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை படித்தது.

விடியலில் யாரோ உரக்கப் பேசுகிற சத்தம் எழுப்பியது.

"எம் பாட்டுல அவங்க சேரு நிக்குது. அவங்க பாடு தொடச்சி வெச்ச மாரி காலியா கெடக்குது. இதுக்கு இன்னா ஞாயம்?"

பேசியவர் கேசவன், மரியம்மா வீட்டுக்குப் பக்கத்துப் பாட்டுக்காரர். ஊரே கொட்டகையில் கூடியிருந்தது. நடுவில் ஊர்த் தலைவர் ஜான் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மரியம்மா ஒரு தூணோரம், இடுப்பில் ஒரு எவர்சில்வர் குடத்தோடு நின்றாள். பக்கத்தில் ஜெனிஃபர். பெலிக்ஸ் படகில் வலையை ஏற்றிவைத்துவிட்டுக் கரையில் குந்தியிருந்தான். கிழக்கே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. வெளுத்து முடிப்பதற்குள் மரியம்மா வீட்டு இடத்தில் வலை இறங்கியாக வேண்டும்.

"பொறு கேசவா," என்றார் ஜான். "ராத்திரி காத்து அடிச்சுதா?"

"வெளக்குத் திரி கூட ஆடல."

"தண்ணி இழுத்துச்சா?"

"ஏரி தூங்கிக்கினு இருந்துச்சு."

"மனுசன் கை பட்டுச்சா?"

 ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். ஊரே எதையெதையோ பார்த்தது. வீரராகவனை மட்டும் பார்க்கவில்லை. பெலிக்ஸுக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்தது.

"யாரும் பாக்கல," என்றார் ஜான். "காத்தும் இல்ல. தண்ணியும் இல்ல. மனுசனும் இல்லன்னு வெச்சிக்குவோம். அப்போ..."

அந்த 'அப்போ'வை அவர் அப்படியே தொங்கவிட்டுவிட்டுப் பாக்கை மென்றார்.

வீரராகவன் ஜெனிஃபரைப் பார்த்தார். அவள் விரலில் பேனா மை இருந்தது. ஏழு வருஷ ஆராய்ச்சியில் முதல்முறையாக அவருக்கு ஒரு மதம் எதற்குத் தேவைப்படும் என்பது புரிந்தது. அவர் எழுந்து நின்றார். இந்த யோசனை தனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார்.

"நான் பார்த்தேன்," என்றார். "நான் புதிய மத இயக்கங்களை ஆராய்கிறவன். அந்த நாற்காலி சாதாரண நாற்காலி இல்லை. அதில் தெய்வம் இறங்கியிருக்கிறது. அது நடந்தது."

"நடந்துச்சா?" என்றார் கேசவன்.

"நடந்தது. ஒரு நாரைக்குப் பின்னால்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் வீரராகவன். அதனால் முடிந்தவரை உண்மையிலேயே நின்றார்.

"நாலு காலாலயுமா?"

வீரராகவன் யோசித்தார். "கால்கள் கூடவே வந்தன."

"எந்தப் பக்கம் பாத்துக்கினு வந்துச்சு காலு?"

"வானத்தைப் பார்த்துக்கொண்டு."

 பெலிக்ஸ் எழுந்து படகுக்குப் பின்னால் போய் இருமினான்.

"சாமின்னா அப்படித்தான் நடக்கும்," என்றார் ஜான். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "மனுசங்க மாரியா நடக்கும்?"

கேசவன் விடவில்லை. "வாயால யார் வேணாலும் சொல்லலாம். சாமின்னு பாத்தவரு கும்புட்டுக் காட்டட்டும். அப்பதான் நான் ஒத்துக்குவேன்."

அதற்குள் நாற்காலியை யாரோ கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சேறு சொட்டச் சொட்ட அது அவருக்கு எதிரே நின்றது. கிழக்கே வெளிச்சம் ஏறியது. மரியம்மா குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

வீரராகவன் கைகளைத் தூக்கினார். இரண்டும் ஒன்றையொன்று தெரியாத கைகள். பாதி வழியில் தயங்கின. அப்புறம் ஒட்டிக்கொண்டன. வெறுங்காலோடு நின்ற ஒரு படித்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கும்பிட்டார். அவருக்குப் பின்னாலேயே ஊரும் கும்பிட்டது.

"சரி," என்றார் கேசவன். "எனக்கு ஆட்சேபணை இல்ல." அவர்தான் முதல் ஆளாக ஒரு சீப்பு வாழைப்பழத்தை நாற்காலியில் வைத்தார். அந்த வேளையில் அவர் கையில் வாழைப்பழம் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

"சாமி நகந்தது மனுசன் கைல சேராது," என்றார் ஜான். "மரியம்மா வூட்டுக்கு முறை நிக்குது. சேரு கரையிலயே இருக்கட்டும். பதிலுக்குக் கொடம் போவட்டும். ஜல்தி, பெலிக்ஸ்."

குடத்தோடு படகு பறந்தது. சூரியன் தலையைக் காட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வலை தண்ணீரில் இறங்கியது.

கட்டில் கம்பிக்கு அடுத்தாற்போல ஏழாவது மேடைக்கு சிமெண்ட் குழைத்துத் தயாராக இருந்தது. நம்பிக்கையின் வேகம் என்பது இதுதான் என்று வீரராகவன் வியந்தார். நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு போய் ஊன்றினார். இந்த முறை எங்கே வைக்க வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை.

மத்தியானத்துக்குள் பெலிக்ஸ் திரும்பினான். கூடைகளில் இறால் துள்ளிக்கொண்டே வந்தது. ஏலம் முடிந்ததும் மரியம்மா மகளிடம் எதையோ சொன்னாள்; ஜெனிஃபர் வீட்டுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பிராங்க்ளின் எலும்புப் பெயர்களை வரிசையாகக் கத்துவது தெருவரைக்கும் கேட்டது.

வீரராகவன் ஒற்றை ஷூவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு பொன்னேரி பஸ்ஸுக்காக நின்றார். கடைசி அத்தியாயத்துக்கு மதம் கிடைத்துவிட்டது. பிறந்த நாள், பிறந்த இடம், கூடவந்த நாரை உட்பட எல்லாம் கையில் இருந்தது. நேரில் பார்த்த சாட்சி யார் என்று நெறியாளர் கேட்பாரே, அதுதான் சங்கடம்.

பஸ்ஸைக் காணோம். ஏரி மறுபடி வானத்தோடு கரைந்துகொண்டிருந்தது. ஊர் உண்ட மயக்கத்தில் இருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வீரராகவன் மெதுவாக ஏழாவது மேடைக்கு முன்னால் வந்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். நாற்காலியின் முதுகுத் தையலை விரல் நுனியால் தொட்டு, சொறிந்துகொள்கிற மாதிரிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"டீ குடிச்சிட்டுப் போங்க சார்," என்றது பின்னாலிருந்து ருக்குவின் குரல். "யாரும் பாக்கலன்னு நெனச்சிக்கினீங்களா? நேத்து நாரை பின்னால போனப்பவும் அப்படித்தான் நெனச்சீங்க. அதுக்கின்னா, துடுப்ப எடம் மாத்தி வெச்ச சர்வே சாரு, பொட்டிய நகத்துன, பறவை பாக்க வந்த சாரு, கொடைய புடுங்கி போட்டோ எடுத்த அந்தப் பொண்ணு, இங்க கீற ஆறு சாமியக் கொண்டாந்த ஆறு பேருமே பஸ்ஸுக்கு நிக்கசொல்ல இப்படித்தான் சுத்திமுத்தும் பாத்துட்டுத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போனாங்க."